எங்காத்தா சாடை

எங்கள் பக்கத்து வீடுகளில் சுவரில் தொங்கும் முகங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தவர்களுடையவை. கல்யாணப் படம் கணக்கில் வராது, அது கும்பல். தனி முகம், மார்புவரை, நேரே பார்க்கிற மாதிரி ஒரு படம் ஆசாரத்தில் மாட்டியிருக்கிறது என்றால் அதற்கு ஒரு மாலை உண்டு, பொட்டு உண்டு, கீழே சிவப்பாக ஒரு சீரோ வாட் பல்பு உண்டு. உயிரோடு இருக்கிற ஆளைத் தனியாகப் படம் போட்டு மாட்டினால், 'என்ன அவசரமுங்க?' என்று கேட்பார்கள். இதெல்லாம் தெரிந்தும் 2004 மே மாதத்தில் என் அம்மாயியை உட்காரவைத்துக் கரியிலும் காவியிலும் வரைந்தேன். அந்தப் படம் மாமா வீட்டு ஆசாரத்தில் இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அது அம்மாயியின் படம் இல்லை.

அப்பா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகளில் பெயிண்டராக இருந்தார். வெளியூர்க்காரர்களுக்கு நாமக்கல் என்றால் முட்டையும் பதினெட்டடி ஆஞ்சநேயரும் ஞாபகத்துக்கு வரும். எங்களுக்கு லாரி. மொட்டைச் சேஸிஸாக வந்து நிற்கும் வண்டிக்கு மரச்சட்டமும் தகரமும் ஏறி, கேபின் உட்கார்ந்து, கடைசியில் பெயிண்டர் கைக்கு வரும். நெற்றியில் குலதெய்வத்தின் பெயர், பக்கப்பலகையில் தாமரை, பின்னால் பிள்ளைகளின் பெயர். எழுத்து அப்பாவுக்குத் தண்ணீர்பட்ட பாடு. வீட்டுக்கு அரிசி வாங்கியது அந்தக் காசில். தீபாவளிக்குத் துணி எடுத்தது சாவு வீட்டுக் காசில்.

ஊரில் ஒரு சாவு விழுந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ யாராவது ஒருவர் வருவார். 'கருமாதிக்குள்ள வேணுங்க' என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுப்பார். கல்யாணக் கும்பலில் மூன்றாவது வரிசையில் ஒரு தலை. பாதி முகத்தை முன்னால் நிற்பவரின் உருமாலை மறைத்திருக்கும். அப்பா அதன்மேல் கூர்ப் பென்சிலால் கட்டம் போடுவார், ஐவரி கார்டில் அதையே பத்து மடங்கு பெரிதாகப் போடுவார். பிறகு கார்பன் பவுடர். விளக்குப் புகையைப் போல அத்தனை மெல்லிய கருப்பு, மூச்சு விட்டால் பறக்கும். தேய்ந்த பிரஷ்ஷால் தொட்டு, பஞ்சால் தடவித் தடவி நிழலைக் கொண்டுவருவார். வெளிச்சம் எல்லாம் ரப்பரின் வேலை. ரப்பரை பிளேடால் ஆப்பு மாதிரி சீவி, மூக்கு நுனியில் ஒரு இழுப்பு, கண்மணியில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி விழுந்ததும் செத்தவர் பார்க்க ஆரம்பித்துவிடுவார். சின்ன வயதில் அதற்குமேல் அந்த அறையில் நான் நிற்க மாட்டேன்.

தொண்ணூறுகளில் தேர்தல் ஆணையர் சேஷன் புண்ணியத்தில் வாக்காளர் அட்டை வந்தது. அதுவரை கேமரா முன்னால் நின்றேயிராத கிழவன் கிழவிகளுக்கெல்லாம் தபால்தலை அளவில் ஒரு முகம் கிடைத்தது. 'சேஷன் நமக்குச் சோறு போடறாருடா' என்பார் அப்பா. எழுபத்தைந்தில் செத்தவரை ஐம்பத்தைந்துக்குக் கொண்டுவருவது, சட்டையில்லாமல் வாழ்ந்து முடித்தவருக்கு இஸ்திரி போட்ட காலர் வைப்பது, தோளில் புதுத் துண்டு போடுவது எல்லாம் கூலியில் சேர்த்தி. யாரும் குறை சொன்னதில்லை. குறை சொல்ல வேண்டியவர் போய்விட்டாரே.

தன் தொழிலுக்கு அப்பா ஒரு முன்னோரைப் பிடித்து வைத்திருந்தார். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, 1888-இல் எங்கள் மோகனூரில் பிறந்தவர். பாடப் புத்தகத்தில் அவர் கவிஞர், காந்தியவாதி. சென்னையில் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு அவர் பெயர். அப்பாவுக்கோ அவர் படம் போடுகிறவர். முகம் வரைந்து பிழைத்தவர், ஐந்தாம் ஜார்ஜின் தில்லி தர்பார் காலத்தில் தங்கப் பதக்கம் வாங்கி வந்தவர், பாரதியைப் பார்க்கப் போனபோதுகூட ஓவியர் என்றுதான் முதலில் அறிமுகமானவர். 'பாட்டெல்லாம் பொறகுதாண்டா. மொதல்ல மூஞ்சிதான் சோறு போட்டுச்சு' என்பார். அவருடைய சுயசரிதையான 'என் கதை'யை அப்பா முழுதாகப் படித்ததாக எனக்குத் தெரியாது. படம் போடுகிற பக்கங்களை மட்டும் தேடிப் படித்திருப்பார். 'மலைக்கள்ளன்' அவர் எழுதியது என்று நான் சொன்னபோது, 'அது எம்ஜிஆர் படமல்லோ?' என்றார்.

நான் டிராயிங் லோயர், ஹையர் இரண்டு பரீட்சையும் எழுதி டிராயிங் மாஸ்டரானேன். எங்கள் பிள்ளைகள் ஓவியம் படிக்க அரசுக் கல்லூரி என்றால் சென்னைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் கும்பகோணம். இரண்டுக்கும் வசதி இல்லை. மனசுக்குள் ஆசை வேறு எங்கோ இருந்தது. காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி ஆதிமூலம் வரைந்த காந்திகளையும், பத்திரிகைகளில் மருதுவின் கோடுகளையும் பார்த்து இந்தியன் இங்க்கில் விழுந்தேன். மையில் ஒரு சங்கடம். விழுந்த கோடு விழுந்ததுதான். தைரியசாலிகளின் சாமான் அது. எனக்கு ஒரு மூக்கை மூன்று முறை அழித்தால்தான் நான்காவது மூக்கு உட்காரும். இப்படியாகச் சுற்றிவந்து, அப்பாவின் கருப்புப் பொடிக்கே வந்து சேர்ந்தேன், குச்சி வடிவத்தில்.

அழிக்க முடிவது மட்டும் காரணம் இல்லை. காய்ந்த சாமான்கள் எங்கள் சீமைக்குச் சொந்தம் என்ற ஒரு நினைப்பும் இருந்தது. பட்டறையில் தகரத்தின்மேல் அளவு குறிப்பது மாக்கல் துண்டால். சேலத்தில் கல்சட்டி கடைகிறார்களே, அதே கல். பென்சில் தகரத்தில் வழுக்கும், சாக்பீஸ் காற்றில் உதிரும், மாக்கல் கோடு மட்டும் வெல்டிங் வெப்பத்திலும் நிற்கும். பள்ளிக்கூட நாளில் ஒருமுறை சேலம் வெள்ளைக்கல் மலைப் பக்கம் போனபோது ஒரு துண்டு பொறுக்கி வந்தேன். வெள்ளைக்காரன் 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்த மலை. பெயரை நம்பி, இனிச் சாக்பீஸே வாங்க வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்து காகிதத்தில் இழுத்தால் கோடு விழவில்லை, காகிதம் கிழிந்தது. அது சாக்கே இல்லை, மேக்னசைட். எஃகு உலைக்குள் பதிக்கிற செங்கல் அதில்தான் செய்கிறார்கள். மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

2004-இல் மே 10-ஆம் தேதி தேர்தல். முதல் நாள் சாயங்காலம் அம்மாயி டிரங்குப் பெட்டியிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். 'இந்தக் கருமத்த எவன்டா புடிச்சான்? காணாமப்போன எருமைய ஸ்டேசன்ல அடையாளங் காட்டறாப்பல இருக்குது' என்றார். சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு நடுவில் நின்றுவிட்டது. அவர் போனபிறகு அந்தத் தபால்தலைதான் யாராவது ஒரு பெயிண்டர் கைக்குப் போகும், அவருடைய எண்பது வருஷத்துக்கு அதுதான் சாட்சி. அப்பா ஒருமுறை சொன்னதும் சேர்ந்துகொண்டது: 'உசுரோட இருக்கறவங்களப் போட்டுப் பழகுடா. செத்தவங்க ஆட மாட்டாங்க, எதுத்துப் பேச மாட்டாங்க. அதுல என்னத்தக் கத்துக்குவே?'

கோடை விடுமுறை. அம்மாயியின் ஊர் மோகனூர் போகிற வழியில். கரும்பும் வெற்றிலைக் கொடிக்காலுமாக, அந்த வெயிலிலும் ஒரு பச்சை. கரியை நானே சுடுவது என்று முடிவு செய்தேன். காளஹஸ்தியில் கலம்காரி போடுகிறவர்கள் புளிய விளாரைச் சுட்டு அந்தக் கரியால்தான் துணியில் முதல் கோடு இழுப்பார்கள் என்று படித்திருந்தேன். சுண்டுவிரல் பருமனில் விளார் ஒடித்து, தோல் உரித்து, பால்பவுடர் டின்னில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரே ஒரு ஓட்டை போட்டு, விளிம்பைக் களிமண்ணால் பூசினேன். விறகடுப்பில் வைத்தால் ஓட்டை வழியாக முதலில் வெள்ளைப் புகை வரும். பிறகு அந்தப் புகையே பற்றிக்கொண்டு விளக்குத் திரி மாதிரி எரியும். அது தானாக அணைந்ததும் எடுத்துச் சாம்பலில் புதைத்துவிட வேண்டும். முதல் டின்னை அவசரப்பட்டுச் சூட்டோடு திறந்தேன். காற்றுப் பட்டதும் குச்சிகள் அத்தனையும் கண்முன்னால் செவசெவ என்று கனன்று சாம்பலாயின. 'சோறு வெந்ததும் தொறக்கோணும், கரி ஆறுனதும் தொறக்கோணும்' என்றார் அம்மாயி. அவர் வாழ்நாளில் ஓவியக் கரி சுட்டவர் இல்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்கவும் இல்லை நான்.

இரண்டாவது டின் நன்றாக வந்தது. தட்டினால் கிண்ணென்று சத்தம். கோடு கன்னங்கறுப்பாக இல்லாமல் கொஞ்சம் பழுப்போடிய சாம்பல் நிறத்தில் விழுந்தது. ஊதினால் பாதி போய்விடும். அது முகத்தைத் தேடுவதற்கு. அடர்ந்த கருப்புக்குச் சேலத்தில் வாங்கிய அழுத்தக் கரிக்குச்சி. தோலுக்குச் செங்காவி நிறத்தில் ஒரு கோன்ட்டே குச்சி. இங்கிலாந்தோடு சண்டை வந்து பென்சில் கல் பிரான்சுக்கு வராமல் நின்றபோது, நிக்கொலா ஜாக் கோன்ட்டே என்பவர் கிராஃபைட் பொடியைக் களிமண்ணில் குழைத்துச் சுட்டு 1795-இல் பென்சில் செய்தார். அவர் பெயரிலேயே இந்தக் குச்சி வருகிறது. வெள்ளைக்குப் பேஸ்டல். காகிதத்துக்கு நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற பிரவுன் ஷீட், சுருளிலிருந்து மூன்றடி வெட்டியது. பழுப்புத் தாளில் வரைந்தால் பாதி வேலையைத் தாளே செய்துவிடும். நடுநிறம் ஏற்கெனவே இருக்கிறது, இருட்டை ஒரு பக்கம் வெளிச்சத்தை ஒரு பக்கம் வைத்தால் போதும். நாள்பட அந்தத் தாள் நொறுங்கும் என்று இப்போது தெரியும். அப்போது சுருள் கைக்கு எட்டியது, அவ்வளவுதான்.

சாமான்களைத் திண்ணையில் பரப்பினேன். அம்மாயி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, விரலைச் சீலையில் துடைத்துக்கொண்டார்.

'அடுப்புக்கரி, காவி, கோலமாவு. இதுக்கா சேலம் போய்க் காசு குடுத்துட்டு வந்தே?'

புளி தட்டுகிற காலம் அது. முன்னால் முறம், பக்கத்தில் கொட்டை எடுக்காத புளிக் குவியல், கையில் சின்னக் கட்டை. சும்மா உட்காரச் சொன்னால் அவருக்குப் புரியவில்லை. 'சும்மா ஒக்கார நானென்ன சீக்காளியா?' சரி, தட்டிக்கொண்டே இருங்கள் என்றேன். தலை குனிந்தே இருக்கும், அதனால் நெற்றியும் இமையும் மூக்கும் ஒரு சரிவில் வந்தன. நேரே பார்க்காத முகம். அப்பாவின் படங்களில் அப்படி ஒன்றுகூடக் கிடையாது.

வாய்தான் என்னைப் பாடாய்ப்படுத்தியது. பல் இல்லாத வாய் ஒன்று, அதில் புகையிலை. இடது கன்னத்தில் ஒரு சிறு மேடு. அந்த மேட்டுக்கு நிழல் போட்டு, காவி தொட்டு, விரலால் மெழுகி, நன்றாக வந்துவிட்டது என்று நிமிர்ந்தால் மேடு வலது கன்னத்தில் இருக்கிறது.

'அம்மாயி, பொகையில அந்தப் பக்கமே இருக்கட்டுங்க.'

'அதுக்கென்ன கட்டுத்தறியா?'

பழைய துணியால் தட்டினேன். கரி போயிற்று, காவி போகவில்லை. காவிக்குக் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு, பிடித்தால் விடாது. இடது கன்னத்தில் அந்தப் பழைய சிவப்பு ஆவிபோல் தங்கிவிட்டது. இரண்டாம் நாள் அதை மறைக்கப் பார்த்தேன், மூன்றாம் நாள் விட்டுவிட்டேன். இன்றைக்கும் படத்தைப் பார்க்கிறவர்கள் அந்த இடத்தைக் காட்டி, 'பேசவந்து நிறுத்துனாப்பல இருக்குது' என்கிறார்கள். அது நிறுத்திய பேச்சு இல்லை, இடம் மாறிய புகையிலை.

நான்கு பொழுது உட்கார்ந்தார். காது ஒரு முழு மத்தியானத்தைச் சாப்பிட்டது. நகை கழற்றி முப்பது வருஷம் ஆன காது. மடல் தொங்கி, ஓட்டை நீண்டு, அதன் வழியாகப் பின்னால் சுவரின் வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சத்தை வரையக் கூடாது. சுற்றிலும் இருட்டாக்கி, தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். கண்ணுக்கு மட்டும் பென்சில் எடுத்தேன். கரி வெளிச்சத்தைக் குடித்துவிடும், மினுங்காது. பென்சில் மினுங்கும். ஒரு கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்திருந்தார்கள், அது அவ்வப்போது கண்ணாடித் துண்டு மாதிரி பளிச்சிடும். அந்த மினுக்குக்குப் பென்சில் சரியாக இருந்தது. ஆனால் கரிக்குமேல் பென்சில் ஏறாது, வழுக்கும். முதலிலேயே கண்ணுக்கு இடம் ஒதுக்கிவைத்துக் கரி படாமல் காப்பாற்ற வேண்டும். மூன்று நாள் அந்தக் கண் வெறும் பழுப்புத் தாளாகவே கிடந்தது. 'ஏஞ்சாமி, எனக்கு ஒரு கண்ண வெச்சுட்டு ஒரு கண்ண எங்க உட்டே?' என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளையைக் கடைசியில் போட்டேன். நரை, நெற்றியில் மூன்று பட்டை விபூதி, சீலை. ரவிக்கை போடாத தலைமுறை, அப்புச்சி போனதிலிருந்து வெள்ளைச் சீலை. தோளில் அந்த வெள்ளை விழுந்ததும் படம் சட்டென்று அம்மாயி ஆனது. கிணற்றடியில் தூரத்தில் வரும்போதே அம்மாயி என்று தெரிவது அந்த வெள்ளையால்தானே.

அந்த நாட்களில் ராத்திரி நான் புரட்டிக்கொண்டிருந்தது மூத்த டிராயிங் மாஸ்டர் ஒருவர் இரவல் கொடுத்த புத்தகம். அதில் ஆல்பிரெக்ட் டியூரர் 1514-இல் தன் தாயைக் கரியால் வரைந்த படம் இருந்தது. பதினெட்டுப் பிள்ளை பெற்ற அம்மா. முக்காடு, எலும்பு தெரிகிற கழுத்து, ஒன்றரைக்கண் மாதிரி ஒரு பார்வை. ஒரு மகன் தாயை இவ்வளவு தயவில்லாமல் பார்க்கலாமா என்று முதலில் தோன்றியது. படத்தின் மேல்மூலையில் இது ஆல்பிரெக்ட் டியூரரின் தாய், வயது 63 என்று கரியாலேயே எழுதியிருக்கிறார். இரண்டு மாதத்தில் அவள் இறந்துபோனாள். அதே குறிப்பின் தொடர்ச்சியாக அந்தச் செய்தியையும் எழுதினார். அதை மட்டும் மையால். கரி எழுத்துக்கும் மை எழுத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் காலையில் போய் அம்மாயியின் படத்தில் தேதிகூடப் போடவில்லை. பயம்தான்.

படம் முடிந்தது. கரிப்படத்தை அப்படியே வைத்தால் உதிரும், சீலை பட்டால் போய்விடும். அதை நிறுத்த ஃபிக்சட்டிவ் என்று ஒரு தெளிப்பான் விற்கிறார்கள். எனக்கு அது கிடைக்கவில்லை, கிடைத்தாலும் வாங்கும் விலையில் இல்லை. எதற்கு வாங்க வேண்டும், நாமக்கல்லில் ஸ்பிரே கன்னுக்கா பஞ்சம்? படத்தைச் சுருட்டாமல் அட்டையில் கிளிப் போட்டுப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போனேன். தெரிந்த பையன், லாரி கேபினுக்குக் கிளியர் லாக்கர் அடித்துக்கொண்டிருந்தான். தின்னர் கூடக் கலந்து லேசாக ஒரு கை ஓட்டச் சொன்னேன். புஸ்ஸென்று இரண்டு வீச்சு.

கண்முன்னால் வெள்ளை கரைந்தது. சீலை போயிற்று. விபூதி போயிற்று. நரையில் பாதி போயிற்று. ஈரம் என்று நினைத்தேன். காயட்டும், திரும்பி வரும் என்று அரைமணி நேரம் நின்றேன். ஈரக் கையால் விபூதி பூசினால் முதலில் தெரியாது, நெற்றி காயக் காயப் பட்டை எழுந்துவருமே, அந்த நம்பிக்கை. விபூதியில் தண்ணீர் ஆவியாகிப் போய் அந்த இடத்தில் காற்று உட்காரும், அதனால் வெளுக்கிறது. லாக்கர் போவதில்லை. பொடிக்கு நடுவில் இருந்த காற்றையெல்லாம் அடைத்துக்கொண்டு அங்கேயே இறுகிவிட்டது. வெளிச்சம் திரும்பிவர இடமில்லாமல் வெள்ளை கண்ணாடியாகி, பின்னால் இருந்த பழுப்புத் தாள் தெரிந்தது. கரியும் காவியும் மட்டும் முன்னைவிட அழுத்தமாக நின்றன. தாள் முழுக்க ஒரு பிடி கருத்துவிட்டது. தோளில் இப்போது இருந்தது ஏதோ ஒரு அரக்குப் பழுப்புச் சீலை. நெற்றி வெறுமையாக, சுத்தமாக இருந்தது. தலையில் பத்து வயசுக் கருப்பு ஏறியிருந்தது.

'நல்லாத்தானுங்ணா இருக்குது' என்றான் பையன்.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கி வெகுநேரம் பார்த்தார். 'சாடை இருக்குதுடா' என்றார். கொஞ்சம் பொறுத்து, 'யாரு சாடைன்னுதான் தெரியல.'

மேலே மறுபடி வெள்ளை போட்டிருக்கலாம். லாக்கர் வழவழப்பில் பேஸ்டல் பிடிக்கவில்லை, நழுவியது. அப்படியே எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். திண்ணையில் சுவரோரம் சாய்த்து வைத்தேன். அம்மாயி முறத்தைத் தள்ளிவிட்டு, கையை ஊன்றி நகர்ந்து பக்கத்தில் வந்து பார்த்தார். மாமா, அத்தை, ஒறம்பரையாக வந்திருந்த இரண்டு பேர் எல்லோரும் பின்னால் நின்றார்கள். புகையிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

'எங்காத்தா' என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. 'அம்மாயி, நீங்கதானுங்க' என்றேன்.

'நானில்ல சாமி. எங்காத்தா. மாசாமாசம் சந்தைக்குப் போறப்ப இந்தச் சீலதான் கட்டுவா. இப்பிடித்தான் மூஞ்சியக் குனிஞ்சுக்குவா. நீ பாத்ததில்லியே, எப்பிடிப் போட்டே?'

அம்மாயியின் ஆத்தா கிழவியாகி, புருஷனுக்கு முன்னால், பூவும் பொட்டுமாகப் போனவர். என் அம்மா அப்போது சின்னப் பிள்ளை. ஒரு போட்டோ கிடையாது. சேஷனுக்கு முப்பது வருஷம் முந்திப் போய்விட்டார். அம்மாவைக் கேட்டால், 'எனக்கு நெனப்பில்லடா, கை மட்டுந்தான் நெனப்பிருக்குது' என்கிறாள்.

அம்மாயி அத்தையைக் கூப்பிட்டார். 'பாப்பா, குங்குமம் எடுத்தா.' அவர் தொட மாட்டார், முப்பது வருஷமாகத் தொட்டதில்லை. அத்தை குங்குமச் சிமிழோடு வந்து, என்னை ஒரு தடவை பார்த்தார். நான் என்ன சொல்வது? இத்தனை நாள் மூச்சுக்கூடப் படாமல் காப்பாற்றிய தாள். அத்தை விரலில் தண்ணீர் தொட்டு, குங்குமம் ஒற்றி, இரண்டு புருவத்துக்கும் நடுவில் அழுத்தி வைத்தார். கரி, காவி, பென்சில், கரைந்துபோன வெள்ளை, அதன்மேல் குங்குமம். கொஞ்சம் பொடி உதிர்ந்து மூக்கின்மேல் விழுந்தது. அம்மாயி குனிந்து அதை மட்டும் ஊதிவிட்டார்.

அவருக்கு உண்மையிலேயே ஆத்தா தெரிந்தாளா? இல்லை, உயிரோடு இருக்கும்போதே தன்னைப் படமாகப் போட்டுவிட்டான் பேரன், இதற்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று அந்த ஒரு நிமிஷத்தில் யோசித்து, பொட்டு வைத்துத் தன்னிடமிருந்து அதைப் பிரித்துவிட்டாரா? கேட்டிருக்கலாம். அவர் உயிரோடு இருந்த ஐந்து வருஷமும் கேட்க நாக்கு எழவில்லை. பின்னாளில் வந்தவர்களிடமெல்லாம், 'எம்பேரன் போட்டது, எங்காத்தா' என்று காட்டுவார். 'எந்தப் போட்டோவ வெச்சுப் போட்டீங்க?' என்று என்னைக் கேட்பார்கள். நான் அம்மாயியைப் பார்ப்பேன். அவர் வேறு பக்கம் பார்ப்பார்.

2009 தை மாதம் அவர் போனார். கருமாதிக்குப் படம் வேண்டுமே. அப்பாவின் கை அதற்குள் நடுங்க ஆரம்பித்துவிட்டது, கார்பன் பவுடரைக் கேட்பாரும் இல்லை. மாமா வாக்காளர் அட்டையை எடுத்துக்கொண்டு போட்டோ கடைக்குப் போனார். ஸ்கேன் பண்ணி, பின்னால் நீல வானமும் மேகமும் போட்டு, சீலைக்குப் பார்டர் வைத்து அன்றைக்கு மத்தியானமே கொடுத்துவிட்டார்கள். அவர் திட்டிய அதே முகம், மூன்றடிக்கு. ஆசாரத்தில் இரண்டும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன, மகளும் தாயுமாக. ஒன்று கோபமாக நேரே பார்க்கிறது. ஒன்று குனிந்து புளி தட்டிக்கொண்டிருக்கிறது. முறமும் புளியும் நான் வரையவில்லை, அதனால் குனிந்திருப்பது எதற்கு என்று குழந்தைகளுக்குத் தெரியாது. சாமி கும்பிடுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அத்தை முதல்நாள் வைத்த பொட்டோடுதான் கண்ணாடிச் சட்டம் போட்டோம். அமாவாசைக்கும் ஆடிப்பெருக்குக்கும் வைக்கிற பொட்டு இப்போது கண்ணாடிமேல் விழுகிறது. உள்ளே இருப்பது வெளுத்துக் காவி நிறத்துக்கு வந்துவிட்டது. வெளியே இருப்பது எப்போதும் புதிது. நேரே நின்று பார்த்தால் ஒரே பொட்டு. போன மாதம் போயிருந்தபோது சாப்பிட இலை போட்டார்கள், நான் சுவரோரமாக உட்கார்ந்தேன். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பொட்டு தெரிந்தது, ஒன்றுக்கொன்று அரை விரற்கடை தள்ளி.